குடலின் கடைசிச் சாண்

சர்புன்னிசாவின் தலையணைக்கு அடியில் புருஷனுடைய கைக்கடிகாரம் இருந்தது. பிள்ளை பிறந்தது வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு. இப்போது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆக இருபத்தொன்பது மணி நேரம். அத்தனை நேரமும் அவள் பிள்ளையின் இடுப்புத் துணியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூத்திரம் போயிருந்தது. வேறொன்றும் இல்லை.

பிறந்த பிள்ளை முதன்முதலில் கழிக்கிற, தார் மாதிரிக் கறுத்துப் பிசுபிசுக்கிற மலத்தைக் காட்டுப்பீ என்பார்கள். அது போனதா என்று யாரும் கேட்பதில்லை. போகாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதுமில்லை. துணி அலசுகிறவள் முகத்தைச் சுளித்துக்கொள்வாள், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. சர்புன்னிசாவோ அந்தக் கறுப்பு ஒரு சொட்டாவது கண்ணில் படாதா என்று கிடந்தாள். நர்ஸிடம் கேட்கவும் பயம். கேட்டால், வாயிலிருந்து வந்த சொல்லே பலித்துவிடுமோ என்று பயம்.

அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை, தொண்ணூற்றேழு செப்டம்பரில். முதல் பிள்ளை தொண்ணூற்றைந்து ஜனவரியில் பிறந்தான். மூன்றாம் நாளிலிருந்து அவனுக்கு வயிறு ஊதிக்கொண்டே போனது. தொட்டால் தவில் தோல் மாதிரி விறைத்திருந்தது. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் பச்சையாக வாந்தி எடுத்தான். உரை மருந்து கொடுத்தார்கள், ஓதி ஊதினார்கள், ஒரு டாக்டரிடம் காட்டிச் சொட்டு மருந்தும் வாங்கி வந்தார்கள். ஏழாம் நாள் சேக் பரீது என்று பெயர் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் மையவாடியில் அடக்கம் செய்தார்கள். மாந்தம் என்றார்கள். நாற்பது நாள் கழித்து, மடித்து வைத்த துணிகளை எடுத்துப் பார்த்தபோதுதான் சர்புன்னிசாவுக்கு ஒன்று உறைத்தது. ஒரு துணியிலும் கறை இல்லை. ஒன்பது நாளில் ஒரு தடவைகூட அவன் துணி கறுக்கவே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டவள் நீதானே என்று கேட்டுவிடுவார்களே.

அவள் புருஷன் மைதீன் பிச்சைக்குப் பேகம்பூரில் ஆட்டுக்கறிக் கடை. கறி வெட்டுவது அவன், குடல் கழுவுவது அவள். கடைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, சூடு ஆறாத குடலை நீளமாக உருவிப் பிரித்து, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று ஆக்கி வைப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வேலையில் அவளை மிரள வைத்தது நாற்றமல்ல. ஆட்டிலிருந்து அறுத்தெடுத்த பிறகும் குடல் சட்டியில் கிடந்து தானாக நெளியும். சுருங்கும், விரியும், உள்ளே இருப்பதைக் கீழ்நோக்கித் தள்ளும். "தான் செத்தது அதுக்கு இன்னும் தெரியல புள்ள" என்று மைதீன் பிச்சை சிரிப்பான். போகப் போக அவளுக்கும் பழகிவிட்டது.

சேக் பரீது போன பிறகு, மைதீன் பிச்சையின் அக்கா முஹ்சினா அந்த வேலையைத்தான் காரணமாகப் பிடித்துக்கொண்டாள். "உண்டாயிருக்கவ குடலைக் கீறிக் கழுவுனா, வயித்துல கெடக்குற குடலு சும்மா இருக்குமா?" ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதுமானதாக இருந்தது. இரண்டாவது பிள்ளைக்கு மாதவிலக்கு தள்ளிப்போய், உறுதியாகத் தெரிந்த அன்றே சர்புன்னிசா குழாயடிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். ஆனால் தெரிவதற்கு முன்னால்? அந்த நாட்களை அவள் விரல் விட்டு எண்ணி எண்ணிப் பயந்தாள்.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் தெருவில் நடமாடும் சத்தம் கேட்டபோது, டியூட்டி நர்ஸ் ரோஸ்மேரி வார்டுக்குள் வந்தாள். சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது, ஆறு கட்டில்தான். சர்புன்னிசா எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னும் போகலக்கா."

"என்னது போகல?"

"காட்டுப்பீ."

ரோஸ்மேரி பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் உப்பியிருந்தது. கையுறை மாட்டி, சுண்டு விரலில் எண்ணெய் தடவி, ஆசனவாயில் மெதுவாக விட்டு எடுத்தாள். எடுத்ததும் காற்றும் கறுப்புமாகப் பீய்ச்சி அடித்தது. ரோஸ்மேரியின் வெள்ளைச் சேலையில் பட்டது. அவள் சிரித்துவிட்டாள். "இந்தா, போயிருச்சில்ல. இதுக்கா இம்புட்டுப் பயந்த?"

வயிறு அமுங்கியது. பிள்ளை பால் குடித்தான். முஹ்சினா வந்து, சர்க்கரையைத் தேனில் குழைத்து அவன் நாக்கில் வைத்தாள். எல்லோருக்கும் நிம்மதி. சர்புன்னிசாவுக்கு மட்டும் இல்லை. அது தானாகப் போகவில்லையே, விரல் போனதால்தானே வந்தது என்று நினைத்தாள். சட்டியில் நெளியும் குடலைத் தினமும் பார்த்தவள் அவள். குடலுக்கு விரல் வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலையில் வயிறு மறுபடி ஊதியது. தோல் மினுமினுத்து, பச்சை நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. முஹ்சினா வசம்பைச் சுட்டு உரசிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குப் பிள்ளை வாந்தி எடுத்தான். அரைத்த மருதாணி மாதிரிப் பச்சை.

சர்புன்னிசா பிள்ளையைத் தூக்கித் துணியில் சுற்றினாள். "ஏங்க, கெளம்புங்க."

"செத்த நேரம் பாப்போம் புள்ள. அக்கா மருந்து கொடுக்குதுல்ல."

"போனவனையும் செத்த நேரம், செத்த நேரம்னுதான் பாத்தோம்."

மைதீன் பிச்சை சட்டையை மாட்டினான். முஹ்சினா வசம்புக் கல்லோடு வாசலில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்ததைச் சர்புன்னிசா அன்று கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரசவ ஆஸ்பத்திரியில் ரோஸ்மேரி பச்சை வாந்தி பட்ட துணியை விரித்துப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பெரிய டாக்டரைக் கூப்பிட்டு வந்து காட்டி, ஒரு சீட்டு எழுதி வாங்கினாள். "மதுரைக்குப் போங்க. எங்கயும் நிக்காதீங்க. பால் கொடுக்காத சர்பு, ஒரு சொட்டுக்கூட வேணாம்."

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னாளப்பட்டியில் தறிக்காரர்கள் சேலைக் கட்டுகளோடு ஏறினார்கள். ஒரு பெண், "பச்சப்புள்ளய வெயில்ல எங்கம்மா கொண்டு போற?" என்று கேட்டாள். சர்புன்னிசா துணியை அவன் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தவரை அவளுக்குத் தைரியம் இருந்தது. கொடைரோடு தாண்டியதும் அழுகை நின்றுவிட்டது. மூச்சு மட்டும் வேக வேகமாக வந்தது. வாடிப்பட்டியில் பஸ் நின்றபோது மூச்சு வருகிறதா என்று தெரியாமல் அவன் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பஸ்ஸின் அதிர்வில் எது மூச்சு, எது என்ஜின் என்று பிரிக்க முடியவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் பிள்ளையைப் பறிகொடுத்தே விட்டாள். பிறகு அவன் கால் விரல் அசைந்தது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் டாக்டர் இனிகோ என்பவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். மூக்கு வழியே குழாய் விட்டுப் பச்சை நீரை வெளியேற்றினார்கள். ஆசனவாய் வழியே வெள்ளை மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். குடல் கீழே ஒடுங்கிக் கிடந்தது. அதற்கு மேலே புனல் வாய் மாதிரி விரிந்து, அப்புறம் வீங்கி நின்றது.

"வயித்துல ஒரு வாசல் வச்சு, பெருங்குடலை அங்க திறந்து விடணும். இப்பவே செய்யணும். பெறகு, புள்ள தேறுனப்புறம், கெட்ட பாகத்த எடுத்துட்டு நல்ல குடலக் கீழ இறக்கித் தைக்கலாம்."

"பொழைப்பானா சார்?" என்று மைதீன் பிச்சை கேட்டான்.

"நேரத்துக்குக் கொண்டாந்திருக்கீங்க" என்றார் டாக்டர். ஆமென்று சொல்லவில்லை என்பதைச் சர்புன்னிசா கவனித்தாள்.

அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம். வெளியே வராந்தாவில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். மற்றவர்களின் பிள்ளைகளைக் கொண்டு வந்தார்கள். கடைசியில் அவனையும் கொண்டு வந்தார்கள். இடப்பக்க வயிற்றில் சிவப்பாக, ரோஜா மொட்டளவுக்கு, குடலின் வாய் வெளியே தெரிந்தது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். எத்தனை குடலை எடுத்துப் போட்ட கைகள். இப்போது இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, வெட்டியெடுத்த சதைத் துண்டுகளின் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார்.

"குடலுக்குன்னு தனியா நரம்பு உண்டும்மா. மூளை சொல்லணும்னே இல்ல, அந்த நரம்பே குடலைச் சுருக்கி விரிச்சு உள்ள இருக்கறதத் தள்ளும். உங்க புள்ளைக்குக் கடைசியில ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியான எடத்துல அந்த நரம்பு செல்லே இல்ல. அந்த எடம் இறுகிக் கெடக்கு. மேல இருந்து வாரது அங்க வந்து நின்னுருது."

"அறுத்துப் போட்ட பெறகும் நெளியும் சார்" என்றாள் சர்புன்னிசா.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எது?"

"ஆட்டுக்குடலு. சட்டியில போட்டாலும் தன்னால தள்ளிக்கிட்டே இருக்கும். நான் தெனமும் பாப்பேன்."

"அதேதான். அந்த நரம்புதான் அப்படி நெளிய வைக்குது."

"இவனுக்கு மட்டும் ஏன் சார் இல்ல?"

டாக்டர் காகிதத்தில் ஒரு கோடு வரைந்தார். "அந்த நரம்பு செல்லுங்க குடல்லயே உண்டாகறது இல்ல. கரு உண்டாகி நாலாவது வாரத்துல, கழுத்துக்குப் பின்னால, தண்டுவடம் உருவாகுற எடத்துல இருந்து கெளம்பும். குடலோட மேல் பக்கமா நுழைஞ்சு, ஊர்ந்து ஊர்ந்து கீழ வரும். வழி நெடுகப் பெருகிக்கிட்டே வரும். ஏழாவது வாரத்துல கடைசி முனைக்கு வந்து சேந்துரணும்."

"போற வழி அதுக்கு யாரு சொல்லுவா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "குடலே சொல்லும். குடல் சுவத்துல இருந்து ஒரு புரதம் சுரக்கும். நகர்ற செல்லோட மேல்தோல்ல, அதப் புடிச்சுக்கறதுக்குன்னு ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும். ரிசெப்டர்னு சொல்லுவோம். புரதம் வந்து அதுல ஒட்டுனதும், ரிசெப்டர் செல்லுக்கு உள்ள தகவல் அனுப்பும். சாகாத, பெருகு, முன்னால போன்னு. அந்த ரிசெப்டர் சரியா அமையலைன்னா, குடல் கூப்பிடறது செல்லுக்கு எட்டாது. கொஞ்சம் செல்லுதான் பொழைக்கும். அதுவும் மெதுவா நகரும். அதுக்குள்ள நாள் முடிஞ்சிரும். உங்க புள்ளைக்குக் கடைசிச் சாணுக்கு முன்னாடியே நின்னு போச்சு."

சர்புன்னிசா நாலு, அஞ்சு, ஆறு, ஏழு என்று மனதுக்குள் எண்ணினாள். ஏழாவது வாரத்தில் அவள் இன்னும் குழாயடியில்தான் உட்கார்ந்திருந்தாள். எட்டாவது வாரம்தான் அவளுக்கே உறுதியானது. முஹ்சினா சொன்னது சரியாகிவிட்டதே என்று தோன்றியது. இத்தனை நாளாக வெறும் பயமாக இருந்ததற்கு இப்போது டாக்டரே வாரக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"அப்ப நான் குடல் கழுவிக்கிட்டுத்தான் சார் இருந்தேன்." "உண்டாயிருக்கது தெரியாது எனக்கு. கத்தியால கீறிக் கீறிக் கழுவுனேன். அதுனாலயா?"

"இல்லம்மா."

"நெசமாச் சொல்லுங்க சார்."

"நெசமாத்தான். அந்த ரிசெப்டரை எப்படிச் செய்யணும்கற குறிப்பு, தாய்கிட்ட இருந்து ஒண்ணு, தகப்பன்கிட்ட இருந்து ஒண்ணுன்னு கரு உண்டான அன்னிக்கே உள்ள வந்துரும். அந்தக் குறிப்புல ஒண்ணு பிசகுனாப் போதும். அதுக்குப் பெறகு நீங்க கத்தியப் புடிச்சாலும் ஒண்ணுதான், பூ கட்டுனாலும் ஒண்ணுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாப் புள்ளைக்கும் காரணம் கண்டுபுடிக்க முடியறதில்ல. ஆனா கழுவறதால இது வராது" என்றார்.

பிறகு இரண்டு குடும்பங்களைப் பற்றியும் விசாரித்தார். முதல் பிள்ளையைப் பற்றிச் சர்புன்னிசா சொன்னாள். கறை இல்லாத துணிகளைப் பற்றியும் சொன்னாள். புருஷன் முன்னால் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர், மைதீன் பிச்சையின் பெயரை எழுதும்போது நிறுத்தினார்.

"பிச்சைன்னு ஏன் பேரு வச்சாங்க?"

மைதீன் பிச்சை தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பக்கத்தில் முந்தைய பிள்ளைகள் தக்காமல் போன வீட்டில்தான் அப்படிப் பெயர் வைப்பார்கள் என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

"எனக்கு முன்னால மூணு ஆம்பளப் புள்ளைங்க" என்றான். "மூணும் பத்து நாளு தாண்டல. நான் பொறந்ததும் எங்கம்மா தர்காவுல பிச்சை எடுத்த துணியில என்னயச் சுத்துச்சாம்."

"எதனால போனாங்கன்னு சொன்னாங்களா?"

"வயிறு ஊதின்னு சொல்லும் சார்."

சர்புன்னிசா அவனைப் பார்த்தாள். நாலு வருஷமாக அவன் பெயரைக் கேட்டிருக்கிறாள். அதற்குள் வயிறு ஊதிப் போன மூன்று பிள்ளைகள் கிடந்தது அவளுக்குத் தெரியாது. டாக்டர் பிள்ளையிடமும் அவர்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்து, வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பப்போவதாகவும், முடிவு வர வருஷக் கணக்கில் ஆகலாம் என்றும் சொன்னார்.

பிள்ளைக்கு முகமது யாசின் என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பத்து மாதம் சர்புன்னிசா ஒருநாளும் ஆழ்ந்து தூங்கவில்லை. வயிற்றின் வாசல் வழியே மலம் தானாக வந்துகொண்டே இருந்தது. பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து அதன் மேல் கட்டுவாள், நனைந்ததும் அவிழ்த்து அலசுவாள். சுற்றியிருந்த தோல் வெந்து சிவக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவாள். பார்க்க வந்தவர்கள் ஒரு தடவை வந்தார்கள், மறுதடவை வரவில்லை. முஹ்சினாவும் வரவில்லை. முன்னால் போன மூன்று பிள்ளைகளைப் பற்றி டாக்டரிடம் சொன்னதைத் தம்பி வந்து சொன்ன நாளிலிருந்து அவள் தெருவில் பார்த்தாலும் பேசாமல் போனாள்.

அக்டோபரில் ஒருநாள் மதியம். மைதீன் பிச்சை ஆடு பிடிக்கச் செம்பட்டிக்குப் போயிருந்தான். யாசின் எதற்கோ வீறிட்டு அழுதான். அழுத வேகத்தில் வயிற்றுக் கட்டு புடைத்தது. அவிழ்த்துப் பார்த்தால், மொட்டளவு இருந்த குடல் உள்ளிருந்து பிதுங்கி, ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தொங்கியது. அவன் அழ அழ இன்னும் வந்தது.

யாரைக் கூப்பிடுவது? மதுரைக்கு இரண்டு மணி நேரம். டாக்டர் ஒரு தடவை சொல்லியிருந்தார்: இப்படி ஆகலாம், செவப்பா இருந்தாப் பயமில்ல, கறுத்தா உடனே வரணும். அவள் பார்த்தாள். சிவப்பு. ஆனால் நுனி லேசாகக் கருநீலமாக மாறிக்கொண்டு வந்தது. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். சட்டியில் கிடந்து ரத்தம் செத்துப்போன குடலின் நிறத்துக்கு முந்தைய நிறம் அது.

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர் எப்போதும் ஒரு செம்பில் இருக்கும். துணியை அதில் நனைத்தாள். யாசினை மடியில் கிடத்திப் பால் கொடுத்தாள். அழுகை நின்றதும் ஈரத்துணியோடு உள்ளங்கையைக் குவித்துக் குடலைப் பொத்திப் பிடித்தாள். பிஸ்மில்லா சொன்னாள். குடலை எப்படிப் பிடித்தால் வழுக்கும், எப்படிப் பிடித்தால் கிழியும் என்பது அவள் விரல்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது உயிருள்ளது, கைக்குள் கிடந்து நெளிந்தது. அவள் அமுக்கவில்லை. பொத்திய கையை எடுக்காமல், விடாமல், சும்மா வைத்திருந்தாள். யாசின் குடித்துக்கொண்டே கண் சொருகினான். வயிறு தளர்ந்தது. குடல் கொஞ்சம் கொஞ்சமாக, தன்னால் உள்ளே போனது. சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது வெளியே மொட்டு மட்டும் மிச்சமிருந்தது. நல்ல சிவப்பு. அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

அடுத்த ஏப்ரலில் டாக்டர் இனிகோ நரம்பில்லாத பாகத்தை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இறக்கித் தைத்தார். ஆகஸ்டில் வயிற்று வாசலை மூடினார். மூடிய மூன்றாம் நாள் காலை, வார்டில் யாசின் முகம் சிவக்க முக்கினான். சர்புன்னிசா துணியை விலக்கினாள். யாருடைய விரலும் இல்லாமல், அதுவாக வந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். சர்புன்னிசா துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், எங்கே போடுவதென்று தெரியாமல்.

பயம் அத்தோடு தீரவில்லை. இரண்டு வயதில் ஒரு தடவை வயிறு ஊதி, காய்ச்சலும் கழிச்சலுமாகி, மதுரையில் பத்து நாள் கிடந்தான். மூன்றரை வயது வரை கட்டுப்பாடு வரவில்லை. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனபோது அவன் பையில் அவள் ஒரு மாற்று டவுசர் வைத்து அனுப்பினாள். அது ஒரு வருஷம் வரை தேவைப்பட்டது. பிறகு தேவைப்படவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு இரண்டாயிரத்தில் வந்தது. ரிசெப்டருக்கான குறிப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தது. யாசினுக்கு இருந்தது. சர்புன்னிசாவுக்கு இல்லை. மைதீன் பிச்சைக்கு இருந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்து மலச்சிக்கல், நிலாவரைப் பொடி இல்லாமல் ஆகாது. அவ்வளவோடு தப்பித்திருக்கிறான் என்றார் டாக்டர். ஒரே பிசகு ஒருவரை விட்டுவிடும், ஒருவரைப் பிடிக்கும், பெண்களை விட ஆண்களை அதிகம் பிடிக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து மைதீன் பிச்சை சாப்பிடவில்லை. "நாந்தான் கொடுத்தேன் அவனுக்கு. பரீதுக்கும் நாந்தான்."

"நீங்க தெரிஞ்சா கொடுத்தீங்க?" என்றாள் சர்புன்னிசா. அவள் மீது இருந்த பழி இறங்கியிருந்தது. ஆனால் இறங்கிய இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்து அவன் கையில் வைத்தாள். அடுத்த பிள்ளை என்ற பேச்சை இருவருமே அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கு மார்ச்சில் ஒரு காலை, அவள் குழாயடியில் இருந்தபோது முஹ்சினா வந்து நின்றாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. முக்காடு நழுவிக் கிடந்தது, கவனிக்கவில்லை.

"சர்பு. பர்வீனுக்கு நேத்து விடியக்காலை ஆம்பளப் புள்ள பொறந்துச்சு." பர்வீன் அவளுடைய மகள். "இன்னும் போகல."

"பால் குடிக்குதா?"

"குடிச்சதக் கக்கிருச்சு."

"என்ன நெறம் மதினி?"

முஹ்சினா பதில் சொல்லாமல் முந்தானை முனையை விரித்துக் காட்டினாள். பச்சை.

சர்புன்னிசா கையைக் கழுவினாள். சுண்ணாம்பு முழுதாகப் போகும்வரை நிற்கவில்லை. பழைய மருத்துவச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, பிள்ளையும் பர்வீனும் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்த டாக்டரிடம் குடும்பக் கதையைச் சொன்னாள். மதியத்துக்குள் எல்லோரும் மதுரையில் இருந்தார்கள்.

டாக்டர் இனிகோவுக்குத் தலை நரைத்திருந்தது. அவளை அடையாளம் தெரிந்துகொண்டார். இந்தப் பிள்ளைக்கு வயிற்றில் வாசல் வைக்க வேண்டியதில்லை, இப்போதெல்லாம் கீழ் வழியாகவே ஒரே தடவையில் செய்துவிடுகிறோம் என்றார். சர்புன்னிசாவுக்கு அதைக் கேட்டதும் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு பொறாமை வந்தது. பத்து மாதம் அலசிய துணிகள் நினைவுக்கு வந்தன. பிறகு அதற்காக வெட்கப்பட்டாள்.

ஆறாம் நாள் பிள்ளையை உள்ளே கொண்டு போனார்கள். வராந்தாவில் முஹ்சினா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இருக்கு சர்பு."

"எனக்கும்தான் மதினி."

"உனக்கென்ன, உம்புள்ள ஓடியாடித் திரியுறான்."

"அதுக்காகப் பயம் போயிருமா?"

முஹ்சினா கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "பரீது வயிறு ஊதுன அன்னிக்கே எனக்குத் தெரியும். எங்கம்மா பெத்த மூணு பேரையும் நாந்தான் மடியில வச்சிருந்தேன். மூணாவது போகையில எனக்குப் பத்து வயசு. அதே வயிறு, அதே பச்சை. எங்க வீட்டு வழியாத்தான் வருதுன்னு வெளிய தெரிஞ்சா, எம்மகள யாரு கட்டுவா? அதுனாலதான் ஒன்னயச் சொன்னேன்."

சர்புன்னிசாவுக்குக் கோபம் வரவேண்டும். ஒன்பது வருஷம் அவள் சுமந்தது அது. ஆனால் பக்கத்தில் இருந்தவளின் பேரன் அந்தக் கதவுக்கு உள்ளே கிடந்தான். கோபத்தை எங்கிருந்து தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவங்களுக்குப் பேரு வச்சீங்களா மதினி?"

"மூத்தவன் நைனா முகமது. அடுத்தவன் அக்பர் அலி. மூணாவதுக்கு வைக்கல. அம்மா வேணாமின்னுருச்சு."

கதவு திறந்தது. இருவரும் எழுந்தார்கள். நர்ஸ் வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டாள். மறுபடி உட்கார்ந்தார்கள். அப்போது முஹ்சினா அவள் கையைப் பிடித்தாள். சுண்ணாம்பில் வெந்து சொரசொரத்த கை. சர்புன்னிசா இழுத்துக்கொள்ளவில்லை.

பர்வீனின் பிள்ளை பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனான்.